சந்தனம் வைத்த குழாய்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்பதற்காக அல்ல. பெயர் இல்லாமலே எழுதினாலும் அவளைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்களா என்று பார்க்கத்தான். இந்தப் புத்தி எனக்குச் சொந்தமானதில்லை. அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

"அது இல்லாம வச்சுப் பாத்தியா?"

போதும், தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அவளோடு ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்த வருஷங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு நாள்கூடப் பொழுது போனதில்லை. மதுரைக்கு வெளியே, சமயநல்லூர் போகிற பாதையில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். இரண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே பேராசிரியரிடம் சேர்ந்தோம். அவள் மதுரை டவுனில் சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிர வீட்டுப் பெண். நான் திருமங்கலம், மிஷன் பள்ளிக்கூட கிளார்க் மகள். எனக்குச் சந்தோஷம் என்றால் உடனே வேண்டும், சூடாக வேண்டும். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுவாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த பேராசிரியருக்கு அன்றைக்கு என்ன கோபமோ தெரியாது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் எனக்குத் தலைவலி. இஞ்சி டீ குடித்தேன், விட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இஞ்சி டீக்கு நிக்காத தலைவலி கிடையாதுடி" என்று சொல்லித் தொலைத்தேன்.

"டீ குடிக்காம இருந்து பாத்தியா?"

"மண்டை வலிக்குதுடி!"

"அதான் கேக்குறேன். அதுவாவே போயிருக்கலாம்ல?"

ஜிகர்தண்டா கடையில் போய், பாதாம் பிசின் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு டம்ளர் கேட்டவள் அவள். குளிர்ச்சி பிசினாலா, ஐஸாலா என்று தெரிய வேண்டுமாம். "பிசின் இல்லாட்டி அதுக்குப் பேரு வேறம்மா, பேசாமக் குடிங்க" என்றார் கடைக்காரர். பேசாமல் குடித்தோம்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை இன்னும் விசேஷம். மாப்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா, "என் பையன் ரொம்ப அமைதி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்று பெருமையாகச் சொல்கிறார். காபித் தட்டோடு நின்றவள், அடக்கமாகத்தான் கேட்டிருக்கிறாள்: "நீங்க பக்கத்துல இல்லாம பாத்திருக்கீங்களாம்மா?"

வந்தவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை. அவள் அம்மா அன்று முழுக்க அழுதுவிட்டு, மறுநாள் காலையில் ஞாபகம் வந்து சிரித்தாராம். "அவங்கள ஒரு நிமிஷம் அடுத்த ரூம்ல உக்கார வச்சிருந்தாப் போதும்டி, தெரிஞ்சிருக்கும்" என்று என்னிடம் வருத்தமாகச் சொன்னாள். கல்யாணம் நின்றதில் வருத்தமில்லை. விடை தெரியாமல் போனதில்தான் வருத்தம்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள். ஆயுத பூஜைக்கு எங்கள் கூடத்தில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்போம். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் அட்டெண்டர் அண்ணன் பொறுப்பு. சந்தனம் அவள் பொறுப்பு. கடையில் வாங்கிய தூள் ஆகாது. வீட்டிலிருந்து கட்டையும் கல்லும் கொண்டுவந்து, தரையில் சம்மணம் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்பாள். பிறகு ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். அந்த வருஷம் நான் சுண்டலை மென்றுகொண்டே கேட்டேன்.

"பொட்டு வைக்காட்டியும் மெஷின் ஓடுதான்னு பாத்தியாடி?"

"சாமி விஷயத்துல கன்ட்ரோல் வைக்கக் கூடாது" என்று பட்டென்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். ஒன்றை எடுத்துவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எங்கள் கூடத்தில் கன்ட்ரோல் என்று பெயர்.

அது சிக்குன்குனியா வந்த வருஷம். மதுரையில் யாரைப் பார்த்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த காலம். பஸ்ஸில் ஏற முடியாமல் ஆட்கள் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. எல்லோருக்கும் போனது. அப்பாவுக்கு மட்டும் காய்ச்சல் போய், முட்டிவலி போகவில்லை.

மாசங்கள் ஓடின. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், "காய்ச்சல் விட்டு எம்புட்டு நாளாச்சு, இன்னுமா?" என்றார். அம்மா ஒரு படி மேலே போனார். "மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னா மட்டும் இவுகளுக்கு முட்டி வலிச்சிரும். என்னா நடிப்பு!" இதையெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டார். வேதக்கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லோரும் முழங்கால் போட, தான் மட்டும் நின்றபடி வாங்க வேண்டியிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் முகம் அன்றைக்கு இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள்.

"வா தாயி. இந்தக் கிருமியத்தான நீயும் படிக்கிற?" என்றார் அப்பா. "ரத்தத்துல கிருமி இல்லைங்கிறாக. பெறகு ஏன் வலிக்குது? எம் மகளக் கேட்டா மூட்டுல வீக்கம்ப்பாங்கிறா. அது எனக்கே தெரியுது."

அவள் சாப்பிட்ட கையைக் கழுவாமலே யோசித்தாள்.

"அப்பா, வீட்டுக்குத் திருடன் வந்தான். காவக்காரர் விசிலடிச்சாரு. ஊரே கூடிருச்சு. திருடன் ஓடிட்டான். ஆனா அவன் செருப்பு மட்டும் வாசல்ல கிடக்குது. காவக்காரருக்குத் திருடன் மூஞ்சி தெரியாது, அந்தச் செருப்புதான் தெரியும். அதப் பாக்குறப்பல்லாம் விசிலடிக்கிறாரு. அது உள்ள ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காதுல போயி, நடுவுல இருக்கிற பெரியவர் வரைக்கும் போகுது. அவரு 'எல்லாரும் வாங்க'ன்னு உத்தரவு போடுறாரு. திரும்பவும் ஊரு கூடுது. அந்தக் கூட்டம்தான் உங்க முட்டியில வீக்கம்."

"நெசமாவா?"

"தெரியாதுப்பா. அப்படி இருக்குமோன்னு ஒரு சந்தேகம். வெறும் செருப்பப் பாத்தே விசிலடிப்பாரான்னு பாக்கத்தான் நான் வேலையே செய்யிறேன். திருடன் இல்லாம வச்சு."

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "பாத்துட்டுச் சொல்லு தாயி. இந்த வீட்ல என்னைய நடிகன்னு பட்டம் கட்டிட்டாக" என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் சத்தமாக விழுந்தது.

அப்பாவிடம் அவள் சொன்னதைக் கொஞ்சம் எங்கள் பாஷையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடத்தில் உயிருள்ள வைரஸை வைத்து வேலை செய்ய வசதி கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் செய்கிற வேலையைப் பாக்டீரியாவின் தலையில் கட்டுவோம். அது செய்து முடித்ததும் அதை உடைத்துப் புரதத்தைப் பிரித்துக்கொள்வோம். இதுதான் செருப்பு. காவல்காரர்கள், கூடத்துக்கென்றே வளர்க்கிற ஒருவகைப் பாதுகாப்புச் செல்கள். புரதம் பட்டதும் அவை அபாய மணி அடித்தால், அழற்சியை உண்டாக்குகிற பொருளை வெளியே கொட்டும். அதைக் குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் சோதிப்போம். பொருள் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறமே வராது.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் அவள் தட்டில் மஞ்சள் வந்தது. அப்படி ஒரு மஞ்சள்! புரதம் விட்ட குழியெல்லாம் பளிச்சென்று இருந்தது. புரதம் விடாத குழிகளில் ஒன்றுமில்லை. நான் கூச்சல் போட்டேன். பேராசிரியர் ஓடிவந்து பார்த்தார், மேசையைத் தட்டினார், "ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதும்மா, உடனே எழுது. வேற யாராவது முந்திக்கப் போறாங்க" என்றார். பால்கோவா வாங்க அட்டெண்டர் அண்ணன் சைக்கிளை எடுத்துவிட்டார். அவள் மட்டும் அசையவில்லை.

"இன்னும் கொதிக்க வச்சுப் பாக்கல சார்" என்றாள்.

விஷயம் இதுதான். புரதத்தைக் கொதிக்க வைத்தால் முட்டை வெள்ளை மாதிரி உருக்குலைந்துவிடும். அப்புறம் அது எந்த மணியையும் அடிக்க முடியாது. ஆனால் புரதத்தைச் செய்துகொடுத்த பாக்டீரியாவின் தோல் துணுக்கு கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அதை என்ன கொதிக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதுவும் இதே மணியைத்தான் அடிக்கும், இன்னும் பலமாக. அவள் அந்தத் துணுக்குகளைப் பலமுறை கழுவி எடுத்திருந்தாள். எடுத்தாயிற்று என்று எங்கள் எல்லோருக்கும் நிச்சயம்.

"அதெல்லாம் பத்திரிகைக்காரங்க கேட்டா அப்புறம் பண்ணிக்கலாம்மா" என்றார் சார்.

"அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நான் கேட்டுட்டேனே சார்."

பால்கோவா வந்தது. யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். டப்பா அவள் மேசையில் மூடியபடி இருந்தது. நான் அதைப் பார்த்த பார்வையில் அது உருகியிருக்க வேண்டும்.

கொதிக்க வைத்த புரதத்தைச் செல்களில் விட்டு, தட்டைச் சோதித்தாள். மஞ்சள். கொதிக்காததற்கு ஒரு சொட்டுக்கூடக் குறையாத மஞ்சள்.

"சரியாக் கொதிச்சிருக்காது" என்றார் சார். கொதிநீர்த் தொட்டி வற்றுகிற வரைக்கும் கொதிக்க வைத்தாள். மறுபடியும் மஞ்சள். சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பால்கோவாவை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பேசினாள்.

"புரதம் இல்லாமயும் ஒரு குழி வச்சேன்டி. இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அந்தக் குழியில வெறும் செல்லு மட்டும்தான் இருந்துச்சு. புரதம் கரைஞ்சிருந்த தண்ணிய நான் அதுல விடல. ஒண்ண எடுக்கிறேன்னு நினைச்சு ரெண்ட எடுத்துருக்கேன்."

"அதனால?"

"தண்ணி மட்டும் விட்டுப் பாக்கணும்."

விட்டாள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் காய்ச்சி வடித்த தண்ணீர். ஆவியில் வைத்துக் கிருமி நீக்கியது. அதில் வைரஸ் கிடையாது, புரதம் கிடையாது, உயிருள்ளது எதுவும் கிடையாது. தட்டில் குழி மஞ்சளாக நின்றது. எங்கள் தண்ணீருக்கே சிக்குன்குனியா.

துணுக்குகளைப் போக்க இதே தண்ணீரில் எத்தனை முறை கழுவினாளோ, அத்தனை முறையும் அவற்றைத் திரும்ப ஏற்றியிருக்கிறாள். அது புரிந்ததும்தான் அவள் குரல் உடைந்தது.

"உங்க அப்பாகிட்ட என்னடி சொல்றது?"

பட்டம் போச்சே என்றோ, வருஷம் போச்சே என்றோ அவள் சொல்லவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். "விடுடி, மூக்கு ஒழுகுது" என்று கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்து, சுத்தமான பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

தண்ணீர் காய்ச்சும் கண்ணாடிக் குழல் மூலையில் இருந்தது. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் சேரும். கேனுக்கு அடியில் ஒரு குழாய். அவள் கண்ணாடிக் குழலின் நுனியிலேயே பாட்டிலைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் எடுத்தாள். கேனின் வாய் வழியாகக் கொஞ்சம் எடுத்தாள். குழாயைத் திறந்து கொஞ்சம் எடுத்தாள். கண்ணாடிக் குழலில் பிடித்ததற்கு நிறமே இல்லை. கேனுக்குள் எடுத்தது லேசாக மஞ்சள். குழாயில் பிடித்தது, கேட்கவே வேண்டாம்.

இரண்டு பேரும் குழாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். அவள் கீழே குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தாள். உள்விளிம்பில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுப்பாக இருந்தது. நடுவில் மங்கலாகச் சிவப்பு. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முகர்ந்து பார்த்தாள்.

"ஆயுத பூஜை" என்றேன்.

"நான்தான் வச்சேன்" என்றாள். "கேனுக்கு வச்சிட்டு, குழாய்தானடி எல்லாருக்கும் தண்ணி குடுக்குதுன்னு அதுக்கும் வச்சேன். நிறைய வச்சேன்."

ஈரச் சந்தனத்தில் பாக்டீரியா குடும்பம் நடத்தி, கேனுக்குள்ளும் பரவியிருக்கிறது. நாங்கள் ஆவியில் வைத்து அவற்றைக் கொன்றிருக்கிறோம். செத்தாலும் தோல் தோல்தானே. கூடத்தில் அத்தனை பேருக்கும் அதே தண்ணீர்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. இருந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் இருக்கவில்லை.

"சந்தனம் இல்லாம வச்சுப் பாத்தியா?"

அவள் என்னையே பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகை இல்லை, சிரிப்பு. வாயைப் பொத்தாமல் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேனைப் பிடித்துக்கொண்டு, தரையில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சாமி விஷயத்துல கன்ட்ரோல் வைக்கக் கூடாதே?" என்றேன்.

"சாமிக்கு இல்லடி. எனக்கு வைக்கிறேன்."

சொன்னபடி வைத்தாள். இரண்டு புதுக் கேன், ஒரே தண்ணீர். ஒன்றின் குழாய்க்கு, அதே கட்டையில் அரைத்த சந்தனம். இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை. அட்டெண்டர் அண்ணனுக்கு மனசே ஆகவில்லை. "ஒண்ணுக்கு மட்டும் வச்சா மத்தது ஏங்கிப் போகாதாம்மா?" என்றார். சில நாள் கழித்துச் சோதித்தபோது பொட்டு வைத்த கேன் மஞ்சள் காட்டியது. ஏங்கிப் போன கேன் சுத்தமாக இருந்தது. "இப்ப நம்புறேன்" என்றாள். சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "நல்ல வேளை, அனுப்பல" என்றார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். கண்ணாடிச் சாமான்களைச் சூட்டுப்பெட்டியில் வைத்துச் சுட்டெடுத்தாள், தோல் துணுக்குகூடக் கருகட்டும் என்று. தண்ணீரைக் கேனில் சேர்ப்பதே இல்லை. குழல் நுனியிலேயே பிடித்து அன்றன்றைக்குப் பயன்படுத்தினாள். நடுவில் கரண்ட் போய் ஒரு தொகுதிச் செல் முழுக்கச் செத்தது. அதற்கும் அழவில்லை, அடுத்த தொகுதியை வளர்த்தாள். எனக்குத்தான் பொறுமை போனது.

கடைசிச் சோதனைக்கு முன்னால் எதில் என்ன என்று சொல்லி நான்கு சிறு சோதனைக் குழாய்களை என் கையில் கொடுத்தாள்.

"நீ இதுக்கெல்லாம் வேற பேரு எழுதுடி. எது எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"என் மேல நம்பிக்கை, உன் மேல இல்லையா?"

"எனக்கு ஆசை இருக்குல்ல. ஆசை இருந்தா கண்ணு மஞ்சளைத் தேடும். எங்க அப்பா தான் போட்ட சாயத்தத் தானே பாத்து சரின்னு சொல்ல மாட்டாரு. பக்கத்துப் பட்டறைக்காரரக் கூப்புட்டுக் காட்டுவாரு."

எனக்குத் தோன்றியது பஸ் போர்டுகள்தான். ஒன்றுக்குத் திருமங்கலம் என்று எழுதினேன். ஒன்றுக்கு மேலூர். ஒன்றுக்குச் சமயநல்லூர். மிச்சமிருந்ததற்கு வாடிப்பட்டி. எது எந்த ஊர் என்று என் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். அவள் செல்களில் விட்டாள், காத்திருந்தாள், தட்டில் ஏற்றினாள், நிறம் காட்டுகிற கடைசி மருந்தை விட்டாள். நான் கர்த்தரையும், அவள் வீட்டுச் சாமியையும், யாரையும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிறம் ஏறியது. ஒரே வரிசையில் மட்டும்.

"திருமங்கலம் மட்டும் மஞ்சள்" என்றாள். "எதுடி திருமங்கலம்?"

இத்தனை வருஷம் என்னைப் படுத்தியதற்கு ஒரு நிமிஷமாவது அவளைக் காக்க வைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"புரதம்!"

"மேலூரு?"

"கொதிக்க வச்ச புரதம்."

"சமயநல்லூரு?"

"வெறும் தண்ணி."

"வாடிப்பட்டி? சொல்லித் தொலைடி!"

"காவக்காரர் கண்ணக் கட்டிட்டுப் புரதத்த விட்டது." செல்லின் மேல் புரதம் வந்து ஒட்டுகிற இடத்தை மூடிவிடும் மருந்து சேர்த்த குழாய் அது. கண்ணைக் கட்டினால் விசில் இல்லை. சும்மா ஒட்டியதற்கெல்லாம் மணி அடிக்கவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் அடித்திருக்கிறது.

அவள் தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் கேட்குமே, அப்படி ஒரு விசில் அடித்தாள். வராண்டா முழுக்கக் கதவு திறந்தது. சார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். அண்ணன்களோடு வளர்ந்தவள் இத்தனை நாள் அந்த வித்தையை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ! நான் அழுதேன், சிரித்தேன், அட்டெண்டர் அண்ணனைக் கைபிடித்துச் சுற்றினேன். "பால்கோவா வாங்கவாம்மா?" என்று அவர் பயந்துகொண்டே கேட்டார்.

"பொறுங்கண்ணே" என்றாள் அவள். "இவ திரும்பவும் ஊரு பேர மாத்தி எழுதட்டும்."

மாற்றி எழுதினேன். மறுபடியும் அதே விடை. பால்கோவா வந்தது. டப்பாவை முதலில் திறந்தவள் அவள்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனம் அரைத்தாள். எல்லா மெஷினுக்கும் வைத்தாள். கேன் முன்னால் வந்ததும் நின்றாள். அட்டெண்டர் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கேனுக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில், சுவரில் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் இன்றைக்கும் சுவருக்குத்தான் பொட்டு என்று கேள்வி.

டாக்டர் பட்டத்துக்கான அவளுடைய வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கலாம் என்கிற தேர்வு. அவள் தெருவே பட்டுப்புடவையில் வந்திருந்தது. என் அப்பாவும் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், அம்மாவோடு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடுகடுப்பான மனிதர். அவள் முடிக்கும் வரை காத்திருந்து, இதற்காகவே வந்தவர் போலக் கேட்டார்.

"மணி அடித்தது உங்கள் புரதம்தான், பாக்டீரியாவின் அழுக்கு இல்லை என்று எப்படி நம்புவது?"

அவள் அடுத்த படத்தைத் திரையில் போட்டாள். சந்தனமும் குங்குமமுமாக ஒரு பிளாஸ்டிக் குழாய், திரை முழுக்க.

முதலில் அவள் தெருக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் மாணவர்கள். அவள் தன் தப்பை ஒன்றுவிடாமல் சொன்னாள், வாடிப்பட்டி வரைக்கும். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று சார் வழக்கத்துக்காகக் கேட்டார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் அப்பா எழுந்தார்.

"தாயி, இங்கிலீசுல பேசுனது எனக்குப் பாதிக்கு மேல புரியல. ஒண்ணே ஒண்ணு. திருடன் போன பெறகும், வெறும் செருப்பப் பாத்துக் காவக்காரன் விசிலடிப்பானா?"

"அடிப்பாருப்பா."

"அப்ப நான் நடிக்கல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அவள் அவளாயிற்றே.

"உங்க முட்டிய நான் வச்சுப் பாக்கலப்பா. அதனால அதப் பத்தி அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா, கிருமி இல்லை, அதனால வலியும் இருக்காதுன்னு இனிமே உங்ககிட்ட யாரும் சொல்ல முடியாது. கிருமி இல்லாமலே மணி அடிக்கும். அத அடிச்சுச் சொல்றேன். அது இல்லாம வச்சே பாத்துட்டேன்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. அப்பா உட்காரவில்லை. திருவிருந்தன்று தலைகுனிந்து வந்த மனிதர், அத்தனை பட்டுப்புடவைக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"கேட்டியா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"கேட்டேன், கேட்டேன். மொதல்ல உக்காருங்க. எம்புட்டு நேரம் நிப்பீக, முட்டி வலிக்கும்ல."